அம்மாவுக்கு வாங்கிய போனும் 1,849 ரூபாய் ரீசார்ஜ் பேக்கும்

2025 ஆடி மாதம் அம்மாவின் பழைய போனில் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அதைச் சார்ஜில் போட எனக்கு மனசு வரவில்லை. போன் வாங்க ஒரு நாள்தான் ஆனது, எந்த ரீசார்ஜ் பேக் என்று முடிவு செய்ய ஒரு வாரம் ஆனது. ஆறு மாதம் ஓடிவிட்ட பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு வாரம் அலைந்ததில்தான் காசு மிச்சமாகியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். கொருக்குப்பேட்டையில் ஒரு குறுகலான சந்தில் கீழ்வீடு. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். காலையில் ஆறு மணிக்கெல்லாம் "அக்கா, ரெண்டு கிலோ எடுத்து வைங்க" என்று போன் வர ஆரம்பித்துவிடும். அம்மாவின் நம்பர் பத்து வருஷமாகத் தெருவில் எல்லோரிடமும் இருக்கிறது, அதை மாற்றவே முடியாது. பேச்சுதான் முக்கியம். அதற்கடுத்து பேத்தியை வாட்ஸ்அப்பில் பார்க்க வேண்டும், அதுவும் ராத்திரி வீட்டில் இருக்கும்போதுதான். தம்பி வேலைக்காக வீட்டில் வைஃபை போட்டு வைத்திருக்கிறான்.

இப்படி இருக்கிற ஒருத்தருக்கு நாங்கள் என்ன பேக் போட்டுக்கொண்டிருந்தோம் தெரியுமா? 28 நாளுக்கு 299 ரூபாய். தினமும் டேட்டா வரும், அதில் முக்கால்வாசியை அம்மா தொடவே மாட்டார். 28 நாள் என்பதால் வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை போட வேண்டும். 299ஐ 13ஆல் பெருக்கினால் 3,887 ரூபாய். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) மூன்றுமே விலையை ஏற்றியபோது புலம்பினோமே தவிர, அம்மாவுக்கு இந்தப் பேக் தேவையா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

போன் கம்பெனிகளுக்கு விதி போடுகிற டிராய் 2024 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனிப் பேக் கொடுக்க வேண்டும், அதை 365 நாள் வரைக்கும் கொடுக்கலாம் என்பது அந்த விதி. 2025 ஜனவரியில் கம்பெனிகளும் கொண்டுவந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. பேச்சுக்கு எதிலும் கணக்கு கிடையாது. 1,748 கம்மியாகத் தெரிந்தாலும் அது முழு வருஷம் இல்லை. நாள் கணக்கில் போட்டால் அது 5 ரூபாய் 20 காசு, 1,849 பேக் 5 ரூபாய் 7 காசு. இந்த விலைகள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம், நீங்கள் போடுகிற அன்றைக்கு ஆப்பில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து ரீசார்ஜ் கடையில் இந்தப் பேக்கைக் கேட்டபோது "அப்படி ஒண்ணும் கிடையாதுண்ணா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கடையிலும் அதே பதில்தான். வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் இருக்கிறது. ஸ்மார்ட்போன் பழகாத ஒரு பெரியவர் அந்த இடம் வரைக்கும் எப்படிப் போவார்? கீபேட் போன் வைத்துக்கொண்டு பேசுவதற்காக மட்டும் மாதா மாதம் டேட்டாவுக்குக் காசு கட்டுகிற ஆயாக்கள், தாத்தாக்கள் எங்கள் தெருவிலேயே நிறைய பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்களே ஆப்பில் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்.

டேட்டா இல்லாவிட்டால் பேங்க் விஷயம் என்ன ஆகும் என்று தம்பி கேட்டான், நல்ல கேள்வி. ஓடிபி எஸ்எம்எஸ்ஸாகத்தான் வருகிறது, அதற்கு டேட்டா வேண்டாம். மாவுக்கு வரும் பணம் கியூஆர் அட்டையில் வருகிறது, மாவு வாங்குகிறவர் போனில் நெட் இருந்தால் போதும். பக்கத்தில் இருக்கும் சவுண்ட் பாக்ஸில் தனியாக ஒரு சிம் இருப்பதால் அது பாட்டுக்குச் சத்தமாகச் சொல்லிவிடும். அம்மா வெளியே போய் ஜிபே பண்ணுகிற ஆளும் இல்லை. உங்கள் அம்மா அப்படிப் பண்ணுகிறவர் என்றாலோ, வீட்டில் வைஃபை இல்லை என்றாலோ இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

சரி, எந்தக் கம்பெனி என்பது அடுத்த கேள்வி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டில் மூன்று போனும் ஒரே கம்பெனி. கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் டவரும் போனது, மூன்று போனும் ஒன்றாகச் செத்தன. முழங்கால் தண்ணீரில் அக்கா வீட்டுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல் நின்ற அந்த ராத்திரி இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்தத் தடவை அம்மாவின் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவின் போனையும் மாடிவீட்டுப் பையனின் போனையும் வாங்கிக்கொண்டு, கிரைண்டர் இருக்கும் உள்ளறையில் உட்கார்ந்து இரண்டு நெட்வொர்க்கிலும் பேசிப் பார்த்தேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் முழுசாக நிற்கிற சிக்னல் கோடு உள்ளே வந்தால் ஒன்றாகிவிடும். ஒன்றில் பேச்சு விட்டு விட்டு வந்தது, ஏர்டெல்லில் தெளிவாகக் கேட்டது. உங்கள் வீட்டில் இது தலைகீழாகவும் இருக்கலாம், அடுத்த சந்திலேயே வேறு மாதிரி இருக்கும். அதனால் உங்கள் வீட்டு உள்ளறையில் வைத்துப் பார்க்காமல் நம்பரை மாற்றாதீர்கள்.

மாற்றுகிற வேலை சுலபம். போர்ட் (PORT) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அது நாலு நாள்தான் செல்லும். அதோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனி கடைக்குப் போக வேண்டும். அந்த நம்பர் இப்போது இருக்கிற கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். பழைய பேக்கில் மிச்சமிருக்கிற நாள் புதுக் கம்பெனிக்கு வராது, அதனால் பேக் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது ஆரம்பித்தால் நஷ்டம் இல்லை.

அப்புறம் போன். எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் நீந்தித்தான் கடைக்குப் போனோம். கடைப் பையன் முதலில் எடுத்துக் காட்டிய போனில் விரல் ரேகை பதிய வைத்தபோது அம்மாவின் விரலை அது ஏற்கவே இல்லை. முப்பது வருஷம் அரிசியும் உளுந்தும் தண்ணீருமாகப் புழங்கிய விரல், நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும், ரேஷன் கடை மிஷினிலேயே மூன்று தடவை வைக்க வேண்டும். "இன்னாடா இது, இதுகூட என் வெரல எடுக்க மாட்டேங்குது" என்று அம்மா முகம் சுருங்கிவிட்டது. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். வேறு போன் எடுத்துக் காட்டச் சொன்னேன். இரண்டாவது போனில், கட்டைவிரலுக்குப் பதில் இடது கை நடுவிரலைப் பதிய வைத்ததும் டக்கென்று திறந்தது. அந்த விரல் அவ்வளவு தேயவில்லை. வீட்டுவேலை, கட்டட வேலை, மீன் வேலை என்று கையால் உழைக்கிற யாருக்கு வாங்கினாலும் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்.

அந்த இரண்டாவது போன் ரெட்மி ஏ4 5ஜி. 4 ஜிபி ரேம், 64 ஜிபி மெமரி, 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்தது, எங்களுக்கும் அதே விலைதான் ஆனது. 5,160 எம்ஏஎச் பேட்டரி, அம்மா இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் சார்ஜ் போடுகிறார். திரை 6.88 அங்குலம், எழுத்தைப் பெரிசாக்கி வைத்தால் கண்ணாடி இல்லாமலே பெயரைப் படித்துவிடுகிறார். கிரைண்டர் ஓடும்போதும் மணி கேட்கிறது, எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம். படம் சுமார்தான், ராத்திரியில் எடுத்தால் மங்கல். பேத்தி முகம் வீடியோ காலில் தெரிகிறது, அம்மாவுக்கு அது போதும்.

ஆனால் இதை நெட்டுக்காக வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த போனின் 5ஜி, எஸ்ஏ என்ற வகையில் மட்டும்தான் வேலை செய்யும். ஜியோவின் 5ஜி அந்த வகை, அதனால் வரும். ஏர்டெல் தன் 5ஜியை என்எஸ்ஏ என்ற வகையில் ஆரம்பித்தது, அதில் இந்த போன் 4ஜியாகத்தான் ஓடும். பெட்டியில் 5ஜி என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஏர்டெல் 5ஜி பேக்குக்குக் காசு கட்டாதீர்கள். அம்மாவுக்கு டேட்டாவே இல்லை என்பதால் எங்களுக்கு இது ஒரு பொருட்டில்லை.

வீட்டில் வைஃபை இல்லாத, கொஞ்சமாக யூபிஐ மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஜியோபாரத் கீபேட் போன் ஒரு நல்ல வழி. 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்தது, அதற்கென்று 28 நாளுக்கு 123 ரூபாய் பேக், அதுவும் 13 தடவை போட்டால் 1,599. எங்கள் அத்தைக்கு அதுதான் சரியாக இருக்கிறது. வேறு கம்பெனி சிம் அதில் போட முடியாது, அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பழைய போன் வாங்கலாமா என்றும் பார்த்தேன். பர்மா பஜார் பக்கம் கம்மி விலைக்கு நல்ல போனெல்லாம் கிடைக்கிறது. அங்கே எது வாங்கினாலும் காசு கொடுப்பதற்கு முன்னால் *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற ஐஎம்இஐ நம்பரை எடுங்கள். கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422க்கு அனுப்பினால் அது திருட்டுப் புகாரில் முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். புதுசாக இருந்தாலும் ஐஎம்இஐ போட்ட ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்டபோது "பில் எதுக்குண்ணா, நாங்க இங்கதானே இருக்கோம்" என்றார்கள், விடாமல் நின்று வாங்கினேன். தொலைந்துபோனால் போலீஸில் புகார் கொடுக்கும்போதும், சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் போனை முடக்கும்போதும் அந்தப் பில் கைகொடுக்கும்.

இனிமேல் அம்மாவுக்கு வருஷம் 1,849தான். முன்பு கட்டிய 3,887இல் 2,038 மிச்சம், நாலு வருஷத்தில் 8,152. கிட்டத்தட்ட போன் வாங்கிய காசு. ரீசார்ஜ் போட்ட தேதியை அம்மா காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு, அந்தத் தாளைக் கிழித்து, போன் பில்லோடு சேர்த்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.