மஞ்சூர் மலைச்சாலையா, தாண்டிக்குடி கீழ்மலையா? கூடாரத்தோடு பைக்கில் போகிறவர்களுக்கு ஓர் அலசல்

பைக்கின் பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மலையேற நினைப்பவர்கள் பெரும்பாலும் சாலையைப் பார்த்துத்தான் வழியை முடிவு செய்கிறார்கள். எத்தனை வளைவு, எவ்வளவு ஏற்றம், எங்கே நல்ல காட்சி என்றுதான் கேட்கிறார்கள். முதலில் இரவை யோசியுங்கள் என்பேன். இருட்டிய பிறகு எங்கே படுப்பது, யாருடைய அனுமதியோடு படுப்பது என்பது தெளிவானால் பகல் தானாக அமைந்துவிடும். இந்தக் கணக்கை வைத்துத்தான் இரண்டு வழிகளை இங்கே எடை போடுகிறேன். ஒன்று நீலகிரியின் தெற்குப் பக்கத்தில் காரமடையிலிருந்து மஞ்சூருக்கு ஏறும் சாலை. மற்றொன்று பழனி மலையில் அய்யம்பாளையத்திலிருந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகப் போகும் கீழ்மலைச் சாலை. குன்னூர் மலைப்பாதையையும் வத்தலக்குண்டு மலைப்பாதையையும் ஒதுக்கிவிட்டேன். கோடையில் அவற்றில் கார்களின் புகையைத்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

சாலையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் மஞ்சூருக்கு ஈடு கிடையாது. வெள்ளியங்காடு தாண்டியதும் ஊர்கள் குறைகின்றன. முள்ளி சோதனைச்சாவடிக்குப் பிறகு காடுதான். கெத்தையிலிருந்து 43 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முட்காடும் வெக்கையுமாக இருந்த காற்று பாதி ஏற்றத்திலேயே குளிர்ந்து, மேலே தேயிலைத் தோட்டத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. சரிவில் தடித்த இரும்புக் குழாய்கள் இறங்குவதைப் பார்க்கலாம். கனடாவின் உதவியோடு கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தின் குழாய்கள் அவை. பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் வேறு வழியில் போவதால், ஒரு வளைவில் என்ஜினை அணைத்தால் குருவிச் சத்தமும் ஓடைச் சத்தமும் மட்டும் கேட்கும்.

ஆனால் அந்த அமைதி யானைகளுக்கும் பிடித்திருக்கிறது. கெத்தைக்கு மேலே ஒருமுறை அரசுப் பேருந்து ஒன்று வளைவில் நின்றுகொண்டிருந்தது. முந்திச் செல்லப் போன என்னை ஓட்டுநர் கையை நீட்டி நிறுத்தினார். "தம்பி, வண்டியை அணைத்துவிடுங்கள். அது போன பிறகு போகலாம்." குட்டியோடு நின்ற பெண் யானை சாலையோர மூங்கிலை முறித்துத் தின்று முடிக்கும்வரை பேருந்தில் ஒருவரும் குரல் எழுப்பவில்லை. இந்தச் சாலையில் பேருந்துக்குப் பின்னால் போவதே புத்திசாலித்தனம். வெளியூர் வண்டிகளைச் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பும் காலங்களும் உண்டு என்பதால், கிளம்புவதற்கு முதல் நாளே விசாரித்துவிடுங்கள். மதியத்துக்குள் மஞ்சூரைத் தொட்டுவிட வேண்டும்.

அப்படித் தொட்ட பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மஞ்சூரிலிருந்து குந்தா, எமரால்டு, அவலாஞ்சி என்று போகப் போக அழகு கூடுகிறது. கூடாரம் போடும் உரிமை குறைகிறது. சுற்றிலும் காப்புக்காடு, மின்வாரிய நிலம், அதற்கு மேற்கே முக்குருத்தி தேசியப் பூங்கா. அவலாஞ்சிக்குள் வனத்துறை வண்டியில்தான் சுற்ற முடியும். நம் பைக் வாயிலோடு நின்றுவிடும். ஏரிக்கரையில் யாரும் பார்க்காத இடமாகத் தேடி ஒரு ராத்திரி படுத்துவிடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வனச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, நீர் குடிக்க வரும் காட்டெருமையின் வழியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. இந்த வழியில் போகிறவர் விடுதி அறை எடுத்துத் தங்குவதே நேர்மையான ஏற்பாடு. மசினகுடிப் பக்கம் கூடாரம் என்ற யோசனையே வேண்டாம். அது யானைகளின் வழித்தடம். உச்ச நீதிமன்றமே 2020-ல் அதை உறுதி செய்துவிட்டது.

கீழ்மலையின் பலம் இங்கேதான். அய்யம்பாளையத்தைத் தாண்டி மருதாநதி அணையை ஒட்டிய அடிவாரத்திலிருந்து சாலை ஏறுகிறது. பெரும்பாறை வந்ததும் காபித் தோட்டங்கள் இரு பக்கமும் சூழ்ந்துகொள்கின்றன. இது மக்கள் வாழும் மலை. காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு என்று பட்டா நிலத்தில் பயிர் செய்யும் குடும்பங்கள் இருப்பதால், நிலத்துக்காரரிடம் முறையாகக் கேட்டுத் தங்க இடம் கிடைக்கிறது. கூடாரத்துக்கு உரிய அனுமதி வாங்கி வைத்திருக்கிறாரா என்று அவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அனுமதி இல்லை என்றால் வீட்டுத் திண்ணையிலோ களத்துக் கொட்டகையிலோ படுத்துக்கொள்ளலாம்.

தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையமும், மலையுச்சியில் முருகன் கோயிலும், சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் இருக்கின்றன. சாலையில் மஞ்சூரின் கம்பீரம் கிடையாது. குறுகலானது, சில இடங்களில் தார் பெயர்ந்தது, எதிரே ஜீப் வந்தால் ஓரத்து மண்ணில் இறங்க வேண்டியது. ஆனால் இரண்டாவது கியரில் மெதுவாகப் போகிறவருக்கு அது நிறையத் தருகிறது. பலா மரத்தில் சுற்றியேறிய மிளகுக் கொடி, ஜனவரியில் களத்தில் காயும் காபிப் பழத்தின் புளித்த இனிப்பு வாசம், தலைக்கு மேலே கிளை தாவும் மலை அணில்.

இங்கும் யானை உண்டு. பெரும்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழையைத் தின்ன வருகிறது. அதனால் வீட்டு வெளிச்சம் விழும் தூரத்தில் கூடாரம் போடுங்கள். பழமோ சோறோ உள்ளே வைக்காதீர்கள். நெருப்பு மூட்டும் ஆசையை மலையடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. சமைக்கச் சிறிய கேஸ் அடுப்பு போதும். மழை நாளில் தோட்டத்து நிழலில் அட்டை ஏறும். உப்பும் உயரமான காலுறையும் தேவைப்படும்.

பருவமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் வேண்டாம். பழனி கீழ்மலைக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கீழ்மலையின் பொற்காலம். அவலாஞ்சியில் புல் உறைபனியில் வெளுக்கும் அதே வாரங்களில் தாண்டிக்குடியில் ஒரு கனமான போர்வையோடு தூங்கிவிடலாம்.

மேல்மலையையும் சேர்க்க விரும்புகிறவர்கள் பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் ஏறி, அங்கே நிற்காமல் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வரை போகலாம். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மன்னவனூரின் புல்வெளியும் ஆட்டுப் பண்ணையும் பகலில் பார்க்க வேண்டியவை. இரவுக்கு ஊருக்குள் வீட்டுத் தங்கல் தேடிக்கொள்ளுங்கள். அங்கே காற்று கூடாரத்தைப் பிய்த்துவிடும். கொடைக்கானலை விட்டு நகரும் முன் டேங்கை நிரப்பிவிடுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு இரண்டு மலையிலும் தடை இருப்பதால், எவர்சில்வர் குப்பி ஒன்று மூட்டையில் இருக்கட்டும்.

மூட்டை கட்டும் முறையும் வழிக்கு வழி மாறும். மஞ்சூர் ஏற்றத்தில் பின்பாரம் அதிகமானால் கொண்டை ஊசியில் முன்சக்கரம் லேசாகிவிடும். கனமான பொருள்களைப் பக்கப் பைகளின் அடியில் வையுங்கள். கீழ்மலையில் குலுக்கல்தான் எதிரி. கயிற்றை இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். திரும்பும்போது பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். வத்தலக்குண்டுப் பாதையைவிட நெரிசல் குறைவு. பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து என்ஜினைக் கொண்டு வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி, தட்டு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள்.