மூடினால் உறங்க வேண்டும்: நிரலாளருக்கான நான்கு லினக்ஸ் மடிக்கணினிகள்

லினக்ஸில் அன்றாடம் வேலை செய்யும் நிரலாளர்களிடம் அடுத்த மடிக்கணினியில் என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால், செயலியின் வேகத்தைப் பற்றி முதலில் பேசுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. மூடினால் உறங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும், ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ள வழி இருக்க வேண்டும், வன்பொருளை நேரடியாக இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைத் திருத்துவதற்காக விண்டோஸை நிறுவும் நிலை வரக்கூடாது, காணொளிக் கூட்டத்தில் கேமரா இயங்க வேண்டும்: அவர்கள் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இந்த அளவுகோல்களைக் கொண்டு லெனோவாவின் திங்க்பேட், ஃபிரேம்வொர்க் 13, சிஸ்டம்76 நிறுவனத்தின் லெமூர் ப்ரோ, ஆப்பிளின் சில்லுகளில் ஓடும் லினக்ஸான அசாஹியை நிறுவிய மேக்புக் ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஐந்தாவதாக டெல் எக்ஸ்பிஎஸ் 13 இருந்திருக்க வேண்டும். நிரலாளர்களுக்கென்றே, லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவுடன் ஒரு மெல்லிய மடிக்கணினியைப் பெரிய நிறுவனம் ஒன்று விற்க முடியும் என்பதை 2012-இல் ‘ஸ்புட்னிக்’ திட்டத்தின் வழியே காட்டியது டெல்தான். அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டு, கேமராவும் சிக்கலான ஒரு வழித்தடத்துக்கு மாறிவிட்ட பிறகு, எனது பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

உறக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பழைய முறையான எஸ்3-இல் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும். மற்றவை அனைத்தையும் ஃபர்ம்வேர் அணைத்துவிடும். புதிய முறையில் செயலி அணைவதில்லை. விண்டோஸின் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’க்காக வடிவமைக்கப்பட்ட இந்த முறையில், எஸ்எஸ்டி, வைஃபை, யூஎஸ்பி என ஒவ்வொரு சாதனமும் தத்தமது டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) சொல்லும்போது ஆழ்ந்த நிலைக்கு இறங்க வேண்டும், அவற்றில் ஒன்றே ஒன்று விழித்திருந்தாலும் செயலி அதன் அடிமட்ட நிலையை எட்டாமல், பேட்டரி இரவு முழுவதும் கரைந்துகொண்டிருக்கும். இன்டெலின் 11ஆம் தலைமுறைக்குப் பிறகு எஸ்3 உள்ள மடிக்கணினிகள் வேகமாகக் குறைந்துவிட்டன.

இதை நான் பட்டறிந்திருக்கிறேன். அப்போது வைத்திருந்த மடிக்கணினியை ஓர் இரவு முக்கால்வாசி பேட்டரியுடன் மூடிப் பைக்குள் வைத்தேன். காலையில் பையைத் தொட்டபோதே உள்ளங்கையில் சூடு தெரிந்தது. திறந்தால் திரை எழவில்லை. மின்னேற்றிய பிறகு, லினக்ஸின் மையமான கெர்னல் எந்தெந்த உறக்க முறைகளை ஏற்கிறது என்று காட்டும் கோப்பைத் திறந்து பார்த்தேன். புதிய முறையைக் குறிக்கும் ‘எஸ்2ஐடில்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. எஸ்3-ஐக் குறிக்கும் ‘டீப்’ அங்கே இல்லவே இல்லை. டிரைவரில் பிழை இருந்தால் திருத்தலாம், கெர்னலை மாற்றிப் பார்க்கலாம். ஃபர்ம்வேரிலேயே இல்லாத ஒன்றைப் பயனர் எங்கிருந்து கொண்டுவருவது?

இந்த இடத்தில் திங்க்பேடின் வரலாறு கவனிக்கத்தக்கது. 2018-இல் வந்த ஆறாம் தலைமுறை எக்ஸ்1 கார்பன் எஸ்3 இல்லாமலே வெளிவந்தது. லினக்ஸ் பயனர்கள் தொடர்ந்து முறையிட்டதன் பேரில், அதே ஆண்டில் லெனோவா பயாஸ் எனப்படும் ஃபர்ம்வேருக்கு ஒரு திருத்தத்தை வெளியிட்டு, உறக்க முறைக்கான அமைப்பில் ‘லினக்ஸ்’ என்றே ஒரு தேர்வைச் சேர்த்தது. பயனர் குரல் ஃபர்ம்வேர் வரை எட்டியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பின்வந்த தலைமுறைகளில் அந்தத் தேர்வு மறைந்துபோனது வருத்தத்துக்குரியது. ஃபிரேம்வொர்க்கின் முதல் மாதிரிகளிலும் உறக்க இழப்பு பெரிய குறையாகவே இருந்தது. வெளித்திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ விரிவாக்க அட்டையைச் செருகியிருந்தாலே இழப்பு கூடியது, அந்த அட்டைக்கென்று தனியாக ஃபர்ம்வேர் திருத்தம் வர வேண்டியிருந்தது. மேக்புக்கில் மேக்ஓஎஸ் காட்டும் உறக்கத்தை அசாஹியில் எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். வன்பொருள் ஒன்றே என்றாலும் உறங்க வைக்கும் மென்பொருள் வேறு. எஸ்3 இனித் திரும்பாது என்றே நினைக்கிறேன். ஆகவே விற்பனைக்கு அனுப்பும் முன், லினக்ஸில் எட்டு மணி நேரம் உறங்க வைத்து எத்தனை விழுக்காடு குறைகிறது என்று அளந்து, அந்த எண்ணைத் திரை அளவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள் என்பதுதான் தயாரிப்பாளர்களிடம் நான் வைக்கும் முதல் கோரிக்கை.

ரேம் விஷயத்தில் நான்குக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம். நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் சில கண்டெய்னர்கள், ஒரு மெய்நிகர் எந்திரம், நிரல் எழுதுவதற்கான ஒரு பெரிய ஐடிஇ, பிரவுசர் ஆகியவற்றைச் சேர்த்துத் திறந்தால் 32 ஜிபி இன்று தாராளமான அளவு அன்று. ஆனால் இன்டெலின் லூனார் லேக் சில்லுகளில் ரேம் செயலியின் உறைக்குள்ளேயே வைக்கப்பட்டு, உச்ச அளவு 32 ஜிபியோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சில்லு உள்ள எக்ஸ்1 கார்பனை வாங்குபவர் அதன் ஆயுள் முழுவதற்குமான ரேமை அன்றைக்கே முடிவுசெய்துவிடுகிறார். மேக்புக்கிலும் இதே கதைதான். லெமூர் ப்ரோவின் பல தலைமுறைகளில் 8 ஜிபி பலகையிலும் மீதி ஒரு சாக்கெட்டிலுமாக வந்தது; நடுவழி என்ற அளவில் அது ஏற்கத்தக்கதே. ஃபிரேம்வொர்க் 13-இல் இரண்டு சாக்கெட்டுகள் உள்ளன, ஏஎம்டியின் ரைசன் ஏஐ 300 செயலியுள்ள பலகையில் 96 ஜிபி வரை போகலாம்.

பற்றவைத்த ரேம்தான் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும், சாக்கெட் வைத்தால் பேட்டரி நேரம் குறையும் என்ற வாதம் நெடுநாள் செல்லுபடியானது. எல்பிகேம்2 என்ற புதிய அமைப்பு அந்த வாதத்தைப் பலவீனமாக்கிவிட்டது: அதே மின்சிக்கன ரேமைத் தட்டையான ஒரு சிறு பலகையில் வைத்துத் திருகாணிகளால் பிணைக்கிறார்கள், வேண்டும்போது கழற்றி மாற்றலாம். 2024-இல் ஏழாம் தலைமுறை திங்க்பேட் பி1-இல் இது கடைக்கே வந்துவிட்டது. விலை கூடிய ஒர்க்ஸ்டேஷன் வரிசையோடு அது நின்றுவிடாமல் டி14, எக்ஸ்1 வரிசைகளுக்கும் இறங்கி வர வேண்டும் என்பதே அடுத்த தலைமுறையைப் பற்றிய என் பெரிய எதிர்பார்ப்பு.

பழுதுபார்ப்பில் ஃபிரேம்வொர்க்குக்கு நிகர் இல்லை. அடியில் ஐந்து திருகாணிகள். அவை தளர்ந்தாலும் கழன்று விழாமல் மூடியோடே நிற்கும். பெட்டியில் வரும் டி5 திருப்புளியால் அவற்றைத் தளர்த்தி, மடிக்கணினியை நிமிர்த்தி வைத்து, விசைப்பலகைப் பகுதியின் ஓரத்தில் விரலைக் கொடுத்துத் தூக்கினால் காந்தப் பிடிப்பு விட்டு மேலெழும். தொடுபலகையின் ஒரே கேபிளைக் கழற்றிவிட்டால் எல்லாம் கண்முன். ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி என ஒவ்வொன்றின் மேலும் பெயரும் கியூஆர் குறியீடும் அச்சிட்டிருப்பதால், எதைத் தொடுகிறோம் என்ற அச்சம் முதன்முறை திறப்பவருக்கும் இருக்காது. 2021-இல் 11ஆம் தலைமுறை இன்டெலுடன் வாங்கியவர் அதே உடலில் 2025-இன் ரைசன் பலகையைப் பொருத்தலாம். கழற்றிய பழைய பலகை வீட்டில் சிறிய சர்வராக ஓடும். லெனோவாவும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை: பழுதுபார்க்கும் எளிமையை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் அமைப்புடன் சேர்ந்து வடிவமைத்த ஐந்தாம் தலைமுறை டி14-க்கு அந்த அமைப்பு பத்துக்கு ஒன்பது மதிப்பெண் அளித்தது. ஆயினும் டி14-இல் பாகத்தை மாற்றலாம், தலைமுறையை மாற்ற முடியாது.

ஃபர்ம்வேருக்கு வந்தால் வரிசை தலைகீழாகிறது. பழுதுபார்ப்பில் முதலிடம் பெற்ற ஃபிரேம்வொர்க், பயாஸ் திருத்தங்களில் மிகவும் பின்தங்கியிருந்தது. 12ஆம் தலைமுறை இன்டெல் பலகைக்கு 2022 இறுதியில் சோதனை நிலையில் வந்த திருத்தம் நெடுங்காலம் முழுமையடையாமல் கிடந்தது. இந்தப் பணியில் தாங்கள் தவறியதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியை எளிதாகக் கழற்ற முடிவதால் மட்டும் நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது. திங்க்பேடின் பலமோ இங்கேதான் இருக்கிறது. தயாரிப்பாளர்களின் ஃபர்ம்வேர் திருத்தங்களை லினக்ஸ் பயனர்களுக்குக் கொண்டுசேர்க்கும் லினக்ஸ் வென்டர் ஃபர்ம்வேர் சர்வீஸில் 2018-இல் லெனோவா சேர்ந்ததிலிருந்து, அதன் பல மாதிரிகளுக்கு பயாஸ் திருத்தம் மற்ற மென்பொருள்களைப் போலவே திரையின் ஓரத்தில் அறிவிப்பாக வந்து நிற்கிறது. ஒரு சொடுக்கு, ஒரு ரீஸ்டார்ட், வேலை முடிந்தது. 2020-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை நிறுவியே விற்கத் தொடங்கியதும், கெர்னலுக்கு நேரடியாகத் திருத்தங்கள் அனுப்பும் குழுவை வைத்திருப்பதும் வெறும் விளம்பரமாகாமல் நிலைத்தன.

சிஸ்டம்76 இன்னும் ஒரு படி ஆழமாகப் போகிறது. அமெரிக்காவின் டென்வரில் இயங்கும் அந்த நிறுவனத்தின் மடிக்கணினி உடல்கள் தைவானின் கிளெவோ போன்ற தயாரிப்பாளர்களிடமிருந்து வருபவை. அவற்றின் வார்ப்பிலும் தொடுபலகையிலும் திங்க்பேடின் நேர்த்தியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் 2019 முதல், திறந்த மூலத் திட்டமான கோர்பூட்டை அடிப்படையாகக் கொண்ட திறந்த ஃபர்ம்வேரை அது தருகிறது. விசைப்பலகையையும் மின்னேற்றத்தையும் மின்விசிறியையும் கையாளும் சிறு கட்டுப்படுத்தியின் மூலநிரல்கூட வெளியில் இருப்பதால், விசிறி எந்தச் சூட்டில் சுழல வேண்டும் என்பதை விருப்பமுள்ளவர் தாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரத்துக்கு நான் மிக உயர்ந்த மதிப்பு கொடுக்கிறேன். எனினும் பத்து மணி நேரம் விரல் படும் விசைப்பலகையோடு அதை எடைபோட வேண்டிய கட்டாயம் வாங்குபவருக்கு இருப்பது நியாயமில்லை.

கேமராவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இன்டெலின் படச்செயலியான ஐபியூ6 வழியாக இணைந்த கேமராக்கள், குறிப்பாகப் பத்தாம் தலைமுறை எக்ஸ்1 கார்பனின் சில மாதிரிகளிலும் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸிலும் இருந்தவை, மூல கெர்னலில் ஆதரவின்றித் தவித்தன; அதற்கான அடிப்படை டிரைவர் 2024-இல் வந்த 6.10 பதிப்பில்தான் சேர்ந்தது. ஃபிரேம்வொர்க்கில் இருப்பது சாதாரண யூஎஸ்பி கேமரா, முதல் நாளே இயங்கிவிடும். யூஎஸ்பியா, ஐபியூ6-ஆ: கேமராவைப் பொறுத்தவரை வாங்கும் முன் கேட்டறிய வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

மேக்புக்கைப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் அதன் வன்பொருள். விசிறி இல்லாமல், சூடாகாமல், நாள் முழுவதும் ஓடும் கணினி வேண்டும் என்ற ஆசையை நிரலாளர்களிடம் விதைத்தது ஆப்பிளின் எம்1 சில்லுதான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2022-இல் லினக்ஸ் 5.19-ஐ வெளியிட்டதே எம்2 மேக்புக் ஏர் ஒன்றிலிருந்துதான். நிறுவனத்தின் ஆவணம் எதுவும் இல்லாமல் வரைகலைக்கான ஜிபியூ டிரைவர் வரை எழுதி முடித்த அசாஹி குழுவினரின் உழைப்பை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் 2023 இறுதியில் வந்த ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் எம்1, எம்2 வரிசைகளுக்கானது. எம்3 அதற்குள் கடைக்கு வந்திருந்தது. யூஎஸ்பி-சி வழியாக வெளித்திரையை இணைப்பதற்கே பயனர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நினைவகத்தைக் கணினி பிரித்தாளும் ‘பக்கம்’ என்ற துண்டின் அளவு வழக்கமான 4 கேபிக்குப் பதிலாக 16 கேபியாக இருப்பதால், 4 கேபியை நம்பித் தொகுக்கப்பட்ட நிரல்கள் சில திறக்கும்போதே நின்றுவிடுகின்றன. கற்பதற்கு அருமையான தளம் அது. மாதச் சம்பளம் அதை நம்பியிருக்கும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சூடாகாமல் நாள் முழுவதும் ஓடும் கணினி என்ற அந்த ஆசையைக் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சில்லு நிறைவேற்றும் என்று பலரும் நம்பினோம். ஜெர்மனியின் டக்ஸிடோ நிறுவனம் அந்தச் சில்லில் ஒரு லினக்ஸ் மடிக்கணினியை உருவாக்க நீண்ட காலம் முயன்று, 2025 நவம்பரில் கைவிட்டது. லினக்ஸிலிருந்தபடியே பயாஸைத் திருத்த வழி இல்லை, மெய்நிகராக்கத்துக்கான கேவிஎம் இயங்கவில்லை, எந்தப் பேட்டரி நேரத்துக்காக அந்தச் சில்லின் ஆர்ம் கட்டமைப்பின் பக்கம் போனார்களோ அதுவும் லினக்ஸில் கைகூடவில்லை. ஆகையால் இன்று வாங்க வேண்டியவர் இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86 கட்டமைப்பிலேயே தேட வேண்டும்: அலுவலகம் வாங்கித் தரும் என்றால் டி14-ஐயும், சொந்தப் பணம் என்றால் ரைசன் பலகையுள்ள ஃபிரேம்வொர்க் 13-ஐயும் நான் சொல்வேன். பின்னதை வாங்குபவர் முதல் வாரத்திலேயே ஓர் இரவு அதை மூடி வைத்து, மாலையிலும் காலையிலும் பேட்டரி எவ்வளவு என்று குறித்து வைக்கட்டும். எச்டிஎம்ஐ அட்டையைக் கழற்றிவிட்டு மறுநாளும் அதையே செய்யட்டும். திருப்பிக் கொடுப்பதற்கான கெடு முடியும் முன் இந்த இரண்டு எண்களும் கையில் இருக்க வேண்டும்.