பிக்பூல் த பினே, ஷாத்தோநஃப் வெள்ளை: எதோடு எது?

தென் பிரான்ஸின் வெள்ளை ஒயின் என்றாலே ஒரே சுவை என்று நினைத்துவிட வேண்டாம். இந்த இரண்டும் இரு துருவங்கள்.

பிக்பூல் த பினே லாங்கடாக் கடற்கரையில், தோ காயலை ஒட்டி விளைகிறது. ஒரே திராட்சை, கலப்பே கிடையாது. எலுமிச்சை போன்ற புளிப்பும் லேசான உப்புச் சாயலும் இருக்கும். 2013இல்தான் தனி அப்பலாசியோன் (விளையும் இடத்தின் பெயரைச் சட்டப்படி காக்கும் தகுதி) பெற்றது. அதே காயலில் வளரும் பூஸிக் சிப்பிகளோடு நன்றாகக் குளிரவைத்துக் குடித்தால், வேறெதுவும் தேவைப்படாது. வறுத்த மீனுக்கும் சரி.

ரோன் பள்ளத்தாக்கின் ஷாத்தோநஃப் து பாப் வெள்ளை முழுக்க வேறு உலகம். கிரெனாஷ் பிளாங்க், ரூஸான், கிளேரெட், பூர்புலாங்க் எனப் பல திராட்சைகள் இதில் கலக்கும். கிரெனாஷ் வாயில் நிறைவும் கனமும் தரும். ரூஸான் மணம் தரும். மற்ற இரண்டும் புத்துணர்ச்சியைக் காக்கும். புளிப்பு குறைவு, ஆல்கஹால் கூடுதல், விலையும் கூடுதல். இந்த ஊரில் பெரும்பகுதி சிவப்பு ஒயின்தான் என்பதால் வெள்ளை கொஞ்சமாகவே கிடைக்கும்.

இதைச் சிப்பியோடு வைத்தால் சிப்பியின் சுவையே அமுங்கிவிடும். வெண்ணெயில் வாட்டிய கடல் நண்டு, காளான் சேர்த்த கிரீம் கோழி, குங்குமப்பூ மணக்கும் பூயபேஸ் மீன் சூப், இவைதான் இதற்கு ஜோடி. அப்புறம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றாதீர்கள். 12 டிகிரி அளவில் இருந்தால்தான் மணம் வெளியே வரும்.

இரண்டில் ஒன்றை மட்டும் வாங்குவதென்றால், மீன் சமைக்கும் வீட்டுக்கு நான் பிக்பூலைத்தான் சொல்வேன்.