யோர்க்கா, ஸ்காபரோ கம்பஸா, ரி.எம்.யூ.வா? வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்கு

ஏப்ரல், மே வந்தால் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவின் தமிழ் வீடுகளில் ஒரே கதைதான். பிள்ளைக்கு இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கும். ஜூன் தொடக்கத்துக்குள் ஒன்றுக்கு ஓம் சொல்லவேண்டும். யாராவது ஒரு மாமா தரவரிசைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருவார். “யூ ஒஃப் ரி எண்டால் உலகம் முழுக்கத் தெரியும், யோர்க்கை ஆருக்குத் தெரியும்?” என்பார். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிய பெயர்தான். ஆனால் விடுதிக்குப் போகாமல் நான்கு வருடமும் வீட்டிலிருந்து போய்வரப்போகும் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் ஒரு விசயத்தைச் சொல்லாது. பதினொரு மணிக்கு முடியும் வகுப்புக்கும் இரண்டரைக்குத் தொடங்கும் வகுப்புக்கும் நடுவில் கிடக்கும் நேரம் எங்கே போகப்போகிறது?

நான் படித்தது யோர்க்கில். தங்கச்சி ஸ்காபரோ கம்பஸ், அதாவது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம். அக்காவின் மகள் இப்போது ரி.எம்.யூ. என்கிற ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம், முந்திய ரயர்சன். எங்கள் வீட்டுக் கணக்குப்படி, யோர்க்கில் நேரத்தைத் தின்றது பஸ், ஸ்காபரோ கம்பஸில் வீடு, ரி.எம்.யூ.வில் பகுதிநேர வேலை. மூன்றில் எது தின்றால் உங்கள் பிள்ளைக்குப் பரவாயில்லை என்பதில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

பஸ்ஸில் இருந்தே தொடங்குவோம். யோர்க்கின் கீல் வளாகம் இருப்பது நகரின் வடமேற்கு ஓரத்தில், ஸ்ரீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே. நாம் இருப்பதோ கிழக்கு அந்தத்தில். 2017 டிசம்பர் 17 அன்று சப்வே வளாகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கு முந்தியவர்கள் டவுன்ஸ்வியூவில் இறங்கி 196 ரொக்கெற் பஸ்ஸுக்கு வரிசையில் விறைத்துக்கொண்டு நின்றோம். அந்த வரிசை போய்விட்டது என்பது உண்மை. ஆனால் ஸ்காபரோக்காரருக்கு சப்வே பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சப்வேயின் முதலாம் பாதை ‘U’ எழுத்து மாதிரிக் கீழே நகர மத்தியில் யூனியன் ஸ்ரேஷன் வரை போய் மறுபக்கத்தால் மேலே ஏறுகிறது. ஃபிஞ்ச் ஸ்ரேஷன் ஒரு கையின் நுனியில், யோர்க் மறு கையில். இரண்டுக்கும் இடையில் நேராக ரெயில் இல்லை. ஆகவே நம்மவர்கள் இன்றைக்கும் ஃபிஞ்ச் வீதி எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் ஏறி நகரைக் குறுக்கே கடந்து ஃபிஞ்ச் வெஸ்ற் ஸ்ரேஷனுக்குப் போகிறார்கள். அங்கிருந்து சப்வேயில் ஒரே ஒரு தரிப்பு. நல்ல நாளில் ஒன்றேகால் மணித்தியாலம். பனி கொட்டினால் கணக்குப் பார்க்காதீர்கள்.

அந்த பஸ்ஸில் இருக்கை கிடைப்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. செனெக்கா கல்லூரித் தரிப்பில் ஒரு பெரிய கூட்டம் இறங்கும். அதற்கு முதலே அந்தக் கல்லூரிப் பிள்ளைகளை அடையாளம் கண்டு, அவர்கள் பக்கத்தில் நின்றுகொள்ளவேண்டும். ஜனவரியில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கையுறையால் ஒரு சின்ன வட்டம் துடைத்துத்தான் எந்தச் சந்தி என்று பார்க்கலாம். இருந்துவிட்டால் ஒரு கட்டுரை வாசித்து முடிக்கலாம். நின்றால் ஒன்றும் நடக்காது. தூரத்தை நிமிடத்தில் அளக்காமல், எத்தனை தரம் மாறி ஏறவேண்டும், எவ்வளவு நேரம் இருந்து போகலாம் என்று அளக்கச் சொல்வது இதனால்தான்.

நகரங்களுக்கிடையே ஓடும் கோ சேவையின் பஸ், 407 நெடுஞ்சாலையால் போவது, இன்னொரு வழி. அதில் இருக்கை சொகுசு. 2019 ஜனவரியில் கோ பஸ்கள் வளாகத்துக்குள் வருவதை நிறுத்தி, ஹைவே 407 ஸ்ரேஷனோடு நின்றுவிட்டன. மிச்ச இரண்டு தரிப்புக்கு சப்வேக்கு வேறாகக் காசு கட்டவேண்டி வந்தது. 2024 பெப்ரவரி 26 முதல் கோ பஸ்ஸிலிருந்து ரி.ரி.சி.க்கு, அதாவது நகரின் சொந்த பஸ், சப்வே சேவைக்கு, மாறுவதற்கு இரண்டாம் கட்டணம் இல்லை. பழைய மாணவர்கள் “கோ பஸ் கட்டுப்படியாகாது” என்று சொன்னால், அது இந்த மாற்றத்துக்கு முந்திய அனுபவமாக இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வந்தபிறகு நடுவில் மூன்று மணித்தியாலம் கிடைத்தால் யாரும் வீட்டுக்குத் திரும்பமாட்டார்கள். யோர்க்கின் பலமே அதுதான். ஐம்பதாயிரத்துக்கு மேல் மாணவர்கள். வாரி மண்டபத்தின் வட்டக் கூடத்தில் தினமும் யாராவது மேசை போட்டு எதையாவது விற்பார்கள், அல்லது எதற்காவது எதிராகக் கோசம் போடுவார்கள். ஸ்கொட் நூலகத்தில் தனக்கென்று ஒரு மூலை பிடித்துக்கொள்ளலாம். தமிழ் மாணவர் ஒன்றியத்தில் சேர்ந்தால் நாடக ஒத்திகை, பொங்கல், கலைவிழா என்று நாள் போவதே தெரியாது. வீட்டுக்கு எட்டாத தூரத்தில் ஒரு முழுநாள் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இரவு ஏழிலிருந்து பத்து மணி வரை போகும் விரிவுரைகளை எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து சேர நள்ளிரவு ஆகும். அடுத்த நாள் காலை வகுப்பும் அதோடு போய்விடும்.

வேலைநிறுத்தம் பற்றிச் சொல்லாமல் யோர்க்கைப் பற்றிக் கதைக்க ஏலாது. ஒப்பந்த விரிவுரையாளர்களும் கற்பித்தல் உதவியாளர்களும் சேர்ந்த தொழிற்சங்கம் 2008-09 இல் 85 நாள் வெளியே நின்றது. 2018 இல் 143 நாள். இரண்டு தரமும் மாகாண அரசு சட்டம் போட்டுத்தான் முடிந்தது. 2024 இலும் பெப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை போனது. அவர்களுடைய கோரிக்கைகளில் நியாயம் இருக்கிறது; வருடாவருடம் வேலைக்கு மறுபடி விண்ணப்பித்துக்கொண்டு படிப்பிப்பது இலேசில்லை. ஆனால் கலைப்பீடத்தில் செப்ரெம்பரிலிருந்து ஏப்ரல் வரை நீளும் முழுவருடப் பாடங்கள் கனக்க இருப்பதால், மாசியில் வேலைநிறுத்தம் வந்தால் முழுவருட உழைப்பும் அந்தரத்தில் தொங்கும். கோடை வேலையை நம்பிப் படிக்கும் பிள்ளை இதை முதலே யோசிக்கவேண்டும்.

இனி ஸ்காபரோ கம்பஸ். எல்ஸ்மியர், மோர்னிங்சைட் சந்திக்குக் கிட்ட, ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது. ஜோன் அன்ட்ரூஸ் வடிவமைத்த அறுபதுகளின் கொங்கிறீற் கட்டடத்தைக் கண்டதும் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். பனிக்காலத்தில் வெளியே கால் வைக்காமல் ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம், நடைபாதையே ஒரு உள்வீதி. கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கினால் மான் நிற்கும். பான் ஆம் நீச்சல் தடாகமும் உடற்பயிற்சிக் கூடமும் பக்கத்தில். அதற்கு மாணவர்கள் தாங்களே வாக்களித்து, தங்கள் கட்டணத்திலிருந்து பங்கு கொடுத்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளை அதைப் பாவிக்காவிட்டால் கட்டிய காசு வீண். தமிழுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை வேண்டும் என்று உலகத் தமிழர் சேர்த்த முப்பது இலட்சம் டொலர் 2021 இல் இலக்கைத் தொட்டதும் இந்த வளாகத்தில்தான். உயர்தர வகுப்போடு தமிழை மூட்டை கட்டிய பிள்ளை இங்கே திரும்ப எடுப்பதை நானே கண்டிருக்கிறேன்.

படிப்புப் பக்கம் பார்த்தால் மூன்றிலும் இறுக்கமானது இதுதான். சில துறைகளில், முக்கியமாகக் கணினியில், இடம் கிடைத்து வந்தாலும் முதல் வருடப் புள்ளிகளை வைத்துத்தான் துறைக்குள் முழுமையாக விடுவார்கள். மறுபக்கம், கோ-ஒப். படிப்புக்கு நடுவில் சம்பளத்தோடு வேலை செய்யும் அந்த ஏற்பாட்டுக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மூன்று வளாகங்களுள் பெயர்போனது ஸ்காபரோதான். பட்டச் சான்றிதழில் இருப்பதும் அதே பல்கலைக்கழகத்தின் பெயர்தான். மாமா கவலைப்படத் தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில். கிட்ட இருப்பதுதான் சிக்கல். இரண்டு வகுப்புக்கு நடுவில் மூன்று மணித்தியாலம் என்றால் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்தால், “நீ சும்மாதானே நிக்கிறாய், அம்மம்மாவைக் கண் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போ.” கடைக்குப் போ, தம்பியைப் பள்ளிக்கூடத்தில் ஏற்று, வங்கியில் இருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லு. ஒவ்வொன்றும் சின்ன வேலைதான், ஒருவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பகல் வகுப்பு இருக்கும் பிள்ளைக்கு வேலைக்குப் போகும் அண்ணனுக்குக் கிடைக்கும் மரியாதை கிடைக்காது. அத்தோடு பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பாதிப் பேர் இங்கேயும் இருப்பார்கள். புதிதாக ஒருவரைப் பிடிக்கவேண்டிய அவசியமே வராது. இரண்டாம் வருடம் தங்கச்சி அம்மாவோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள்: திங்கள் முதல் வியாழன் வரை காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை அவள் வீட்டில் இல்லை, வேலைக்குப் போயிருக்கிறாள் என்று கணக்கு. கைபேசியில் கூப்பிடுவதானால் அவசரம் மட்டும். புள்ளிகள் ஏறியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

போய்வரும் வழியில் ஒரு குறை. 2023 ஜூலை 24 அன்று ஸ்காபரோ ரெயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டது, அதற்குப் பிறகு அந்தப் பாதை திறக்கவேயில்லை. கெனடி ஸ்ரேஷன் பக்கமிருந்து வருபவர்களுக்கு எல்லாம் பஸ்தான். எல்ஸ்மியர் நெடுக இருப்பவர்களுக்கு இதால் ஒன்றும் இல்லை.

ரி.எம்.யூ.வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ரயர்சன் என்ற பெயர் 2022 இல் மாறியது. ஆனால் சித்திமார் வாயில் இன்னும் ரயர்சன்தான். நகரின் நட்ட நடுவில் இருப்பதால் போய்வர மூன்றிலும் வசதி இதுதான் என்பதைத் தூரத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நம்பமாட்டார்கள். கில்ட்வூட்டிலோ அஜின்கோர்ட்டிலோ கோ ரெயின் ஏறி, இருந்தபடியே யூனியன், அங்கிருந்து சப்வேயில் மூன்று தரிப்பு. வளாகம் என்று வேலி போட்ட இடம் கிடையாது. ஒரு கட்டடம் யங் வீதியில், வணிகப்பீடம் ஈற்றன் சென்ரர் பக்கம், விளையாட்டரங்கம் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸில், அதன் கீழே பலசரக்குக் கடை. பல வருடம் காலை விரிவுரைகளைச் சந்தியில் இருக்கும் சினிமாத் தியேட்டரிலேயே வைத்தார்கள். யங் வீதி மாணவர் கற்றல் மையத்தின் படிகளில் ஒரு இடம் பிடித்தால் அதுதான் அன்றைய வீடு.

சுற்றிவரக் கடைகள் என்பதால் வேலை இலேசில் அகப்படும். அக்காவின் மகளுக்கு முதல் மாதமே ஒரு உடுப்புக்கடையில் கிடைத்தது. முதலில் வாரம் பத்து மணித்தியாலம். நத்தார் நெருங்க முகாமையாளர் கூட்டிக்கொண்டே போனார், டிசம்பர் பரீட்சையும் அதே வாரங்களில். காசு கையில் வர, படிப்பு இரண்டாவது வேலையாகிவிடும். ஊடகம், வடிவமைப்பு, தாதியியல் போன்ற தொழில்சார்ந்த படிப்பென்றால் நான் யோசிக்காமல் இங்கே அனுப்புவேன், ஆனால் மணித்தியாலத்துக்கு ஒரு வரம்பு போட்டபிறகு.

காசைப் பற்றி அதிகம் மினக்கெடத் தேவையில்லை. சாதாரண கலைப் பாடங்களுக்கு மூன்றிலும் கட்டணம் வருடத்துக்கு 6,000 டொலரை ஒட்டித்தான். கணினி, வணிகம் என்றால் எல்லா இடத்திலும் ஏறும், அதைத் தனித்தனியே பாருங்கள். பலர் விடும் பிழை பஸ் பாஸில். ரி.ரி.சி. மாணவர் மாதப் பாஸ் 128.15 டொலர். பிரெஸ்டோ என்ற பயண அட்டையில் பெரியவர் கட்டணம் ஒரு பயணத்துக்கு 3.30, அதில் இரண்டு மணித்தியாலம் எத்தனை பஸ்ஸும் மாறலாம். 39 பயணம் போனால்தான் பாஸ் இலாபம். வகுப்புகளை மூன்று நாளுக்குள் அடுக்கிய பிள்ளை மாதம் 26 பயணம் போகும், 85.80 டொலரோடு முடிந்துவிடும். கார் வாங்கிக் கொடுப்பதைப் பற்றி ஒரு வசனம்: பொடியனுக்கு ஸ்காபரோ முகவரியில் காப்புறுதி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், வளாகத் தரிப்பிடக் கட்டணத்தைப் பிறகு பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், விஞ்ஞானமும் கோ-ஒப்பும் என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு ஸ்காபரோ கம்பஸ், வீட்டோடு உடன்பாடு எழுதியபிறகு. என்ன படிப்பதென்றே இன்னும் தெரியாத, வீட்டில் எல்லாருக்கும் செல்லமான, சொந்தக் காலில் நின்று பார்க்கவேண்டிய பிள்ளைக்கு யோர்க். பஸ் கஷ்டம்தான், வேலைநிறுத்த ஆபத்தும் இருக்கிறது, ஆனாலும் யோர்க். யோர்க்குக்குத் தெற்கே வில்லேஜ் பகுதியில் அறை எடுத்து விடலாமா என்று கேட்பவர்களுக்கு, முதல் வருடம் வேண்டாம். மூன்றாம் வருடம் நான்கு பேர் சேர்ந்து எடுப்பது வேறு கதை.

மார்க்கம் நகருக்கு வீடு மாறியவர்களுக்கு யோர்க் 2024 இல் யூனியன்வில் பக்கம் ஒரு புது வளாகம் திறந்திருக்கிறது. கிட்டத்தான். ஆனால் அங்கே இருக்கும் பாடநெறிகள் கொஞ்சம், பிள்ளைக்குக் கிடைத்த இடம் எந்த வளாகத்துக்கு என்று கடிதத்தைத் திறந்து ஒருக்கால் பாருங்கள். ஏஜாக்ஸ், பிக்கறிங் ஆட்களுக்கோ டூரம் பகுதியின் 900 பஸ் நேரே ஸ்காபரோ கம்பஸ் வாசலுக்கு வருகிறது, மாறி ஏறும் வேலையே இல்லை.