வடசேரி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வாம்பயர்: 4,200 ரூபாய் போன கதை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு நம்ம மாவட்டம் முழுக்கத் தேடினாலும் பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுறவங்களை ஒரு டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சிரலாம். அதனால ஒருத்தன் ஏமாந்தா மத்தவன்கிட்ட சொல்லிரணும். இந்தத் தடவை ஏமாந்தது நான்.

பழைய கிட், அதாவது மாடல் கட்டுறதுக்கான பாகங்கள் அடங்கின பெட்டி, கைமாத்துற ஒரு வாட்ஸ்அப் குழுவுல விளம்பரம் வந்துச்சு. 72-ல் ஒரு பங்கு அளவுல டி ஹாவிலாண்ட் வாம்பயர்ங்கிற பழைய போர் விமானம். இங்கிலாந்துல அந்தக் காலத்துல கொஞ்சமா செஞ்ச வேக்குஃபார்ம் கிட்டாம், பாகம் எல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டுல அச்சா எடுத்திருக்கும். கூடவே உலோகத்துல வார்த்த சக்கரக் கால், விமானி உக்கார்ற இடத்துக்குக் கண்ணாடி மூடி, நம்ம விமானப்படைச் சின்னம் அடிச்ச டீக்கால் (தண்ணியில ஊற வச்சு ஒட்டுற படம்). விலை 4,200.

வாம்பயர்னா எனக்கு ஒரு கிறுக்கு. 1943 செப்டம்பர் 20-ல முதல்ல பறந்த விமானம் அது. 1948-ல நம்ம விமானப்படைக்கு வந்த முதல் ஜெட். பிறகு பெங்களூர்ல எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலயும் செஞ்சாங்க. பாகிஸ்தானோட நடந்த சண்டையில, 1965 செப்டம்பர் 1-ஆம் தேதி, காஷ்மீர்ப் பக்கம் சம்ப் பகுதியில ஒரே நாள்ல 4 வாம்பயரை இழந்தோம். அந்த வயசுல அதைச் சண்டைக்கு அனுப்பினதே பாவம்னு இன்னும் தோணும். அப்படிப்பட்ட ஆளுகிட்ட இந்த விளம்பரத்தைக் காட்டினா என்ன ஆகும்? கேட்ட விலையில பத்து ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லல.

வித்தவர் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் நேர்லயே கொண்டு வந்தாரு. சாயங்காலம், சாரல் விழுந்துட்டு இருந்துச்சு. ஷீட் ரெண்டும் சுத்தி ஒட்டின கவருக்குள்ள இருந்துச்சு. பிரிச்சுப் பாக்கலாமான்னு கேட்டேன். "பிரிச்சா மதிப்பு போயிரும் சார், சேகரிக்கிறவங்க சீல் உடைக்காததைத்தான் வாங்குவாங்க"ன்னாரு. சீல் உடைக்காம நான் விமானத்தை எப்படிக் கட்டுவேன்னு அப்பமே கேட்டிருக்கணும். கேக்கல. ஜிபே பண்ணிட்டு பஸ் ஏறிட்டேன்.

வேக்குஃபார்ம் பழகாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சூடாக்கின பிளாஸ்டிக் ஷீட்டை அச்சு மேல போட்டு, அடியில இருந்து காத்தை உறிஞ்சி எடுப்பாங்க. பிஸ்கட் பாக்கெட்டுக்குள்ள இருக்கிற தட்டு இருக்குல்ல, அதே வேலைதான். இறக்கை, உடல் எல்லாம் ஷீட்டுல புடைச்சு நிக்கும். சுத்திப் பென்சில் கோடு போட்டு, பிளேடைச் சாய்ச்சுப் பிடிச்சுக் கீறி, மடக்கினா 'டக்'னு உடைஞ்சு வரணும். அப்புறம் கண்ணாடிப் பலகை மேல வாட்டர் பேப்பர் ஒட்டி, தண்ணி விட்டு, அந்தப் பென்சில் கோடு வரைக்கும் தேய்க்கணும். ஒரு இறக்கைக்கு ஒரு சாயங்காலம் போயிரும். அது தனி சுகம்.

என் ஷீட்டு உடையல. கீறி மடக்கினேன், வாழை மட்டை மாதிரி மடங்குச்சு. மடங்கின இடம் வெளுத்துப் போச்சு. சரி, பழைய பிளாஸ்டிக்குன்னு நினைச்சு பிளேடால முழுசா அறுத்து எடுத்தேன். ஒரு ஓரத் துண்டை எடுத்து, மாடல் செய்யிற ஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒட்டுற பசை தடவி ஒட்டி வச்சேன். ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தொட்டா ஈரம் காயாத தபால்தலை மாதிரி வழுக்கிட்டு வருது.

அப்பம்தான் சந்தேகம் வந்து ஒரு துண்டைச் செம்புத் தண்ணியில போட்டேன். மாடலுக்கான ஸ்டைரீன் தண்ணியை விடக் கொஞ்சம் கனம், மூழ்கணும். இது மிதந்துச்சு. விரலால அமுக்கினேன். திரும்ப மேல வந்துச்சு. "குடிக்கிற செம்புல என்னத்தப் போட்டு வச்சிருக்கிய?"ன்னு வீட்டுல சத்தம். பாலிப்ரொப்பிலீன். பார்சல் சாப்பாட்டு டப்பா செய்யிற பிளாஸ்டிக். சாதாப் பசை எதுவும் பிடிக்காது, பெயின்ட்டும் உரிஞ்சு வந்துரும்.

அதோட முடியல. வாம்பயரோட நடு உடல் மரம். ரெண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவுல பால்சா வச்சு ஒட்டினது. அதனால மாடல்லயும் அந்தப் பகுதி முட்டை மாதிரி வழுவழுன்னு இருக்கணும். என் துண்டோட உள்பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாத்தேன். நடுவுல நீளமா ஒரு ஒட்டுத் தையல். பக்கத்துல, தெளிவா, ஒரு பெருவிரல் ரேகை. யாரோ கட்டி முடிச்ச மாடல்ல பசைக் கையால தொட்ட ரேகை! அந்த மாடலையே அச்சா வச்சு இந்த ஆளு ஷீட்டை இழுத்திருக்காரு. ஸ்கேல் வச்சு அளந்தேன். குண்டு போடுற வாம்பயரோட இறக்கை வீச்சு 11.58 மீட்டர், 72-ஆல வகுத்தா 161 மில்லிமீட்டர் வரணும். என்கிட்ட 163. ஷீட்டோட தடிமன் ரெண்டு பக்கமும் ஏறியிருக்கு. ரெண்டு மில்லிமீட்டர்தானேன்னு தோணும், நிஜ விமானத்துல அது 14 சென்டிமீட்டர்.

டீக்கால் சாதா பிரிண்டர்ல அடிச்சது. அந்த பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. ஒரு சில்வர் துண்டுல ஒட்டிப் பாத்தேன், காவிக்கும் பச்சைக்கும் நடுவுல வெள்ளை வளையத்துக்குப் பதிலா சில்வர் தெரியுது. கண்ணாடி மூடி கூல்டிரிங்க்ஸ் பாட்டில். சக்கரக் கால் மட்டும் உண்மையான வார்ப்பு, அதைப் பொய் சொல்லக்கூடாது.

போன் பண்ணினேன். "உங்க பசை சரியில்ல சார், சூப்பர் க்ளூ போடுங்க." மிதக்குதுன்னு சொன்னேன். "மாடலைத் தண்ணியிலயா சார் விடப் போறீங்க?" பணத்தைத் திருப்பிக் கேட்டதும், "பிளேடு பட்ட பொருளை எப்படி எடுக்கிறது?" அதோட பிளாக். அந்த ஆளோட சாமர்த்தியம் இங்கதான் இருக்கு. கீறினாத்தான் கள்ளம் தெரியும், கீறிட்டா திருப்பித் தர முடியாது. பில் இல்ல, ஜிபே ரசீது மட்டும். அதை வச்சு என்ன செய்யலாம்னு ஒரு வக்கீல் நண்பர்கிட்டக் கேட்டிருக்கேன்.

ஆகவே, யாராவது வேக்குஃபார்ம் வித்தா கவரைப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. பாகத்தைத் தொட வேண்டாம், ஷீட்டோட மூலையில நகம் அளவு வெட்டித் தரச் சொன்னாப் போதும், எந்த கிட்டும் அதால கெடாது. டீக்கடையிலயே கிளாஸ் தண்ணி இருக்கும், அதுல போட்டுப் பாருங்க. மூழ்கினாலே நல்லதுன்னு அர்த்தம் இல்ல, பி.வி.சி.யும் மூழ்கும். அதனால மடக்கி உடைச்சும் பாக்கணும். வெளியூர்ல இருந்து வாங்கினா, பாகங்களோட உள்பக்கத்தை வெளிச்சத்தைச் சாய்ச்சு வச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முன்பக்கப் படம் எதுக்கும் ஆகாது.

மாடலோட மூக்குல வைக்கிறதுக்குன்னு குளச்சல்ல வலைக்குக் கட்டுற ஈயம் கால் கிலோ வாங்கி வச்சிருந்தேன். முன்னால கனம் இல்லேன்னா வாம்பயர் வாலைத் தரையில ஊனி உக்காந்துரும். அது இப்பவும் மேசை மேலதான் கிடக்கு.

போன ஞாயித்துக்கிழமை வேற ஒரு குழுவுல, வேற நம்பர்ல, அதே கிட் வந்திருக்கு. விலை 4,600. படத்தைப் பெரிசாக்கிப் பாத்தேன். இந்தத் தடவை உள்பக்கமும் ஒரு படம் போட்டிருக்காரு, பாவம். அதே இடத்துல அதே பெருவிரல்.