ஈஜிஆரை அடைப்பதா, சுத்தம் செய்வதா?

வேலூரில் டீசல் வண்டியின் இழுவை குறைந்தால் மெக்கானிக்குகள் சொல்வது இரண்டு: புகையைத் திருப்பிவிடும் வால்வான ஈஜிஆரை அடைத்துவிடலாம், இல்லையென்றால் கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

அடைத்தால் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் கரி சேர்வது குறையும், உண்மைதான். ஆனால் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது எரிப்பு வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கத்தான். அடைத்தால் அவை கூடும். டீசலுக்குப் புகை அடர்த்தியை மட்டும் பார்க்கும் மாசுச் சோதனையில் அது தெரியாது. ஆனால் காட்பாடி நெரிசலில் நிற்கும் பிள்ளைகள் அதைச் சுவாசிப்பார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த வண்டியில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரியும், சட்டப்படியும் தவறு.

சுத்தம் செய்தால் கரி திரும்பப் படியும், சரி. ஆனாலும் நான் சொல்வது அதைத்தான். ஊருக்குள் கிரீன் சர்க்கிளைச் சுற்றியே ஓடும் வண்டிக்குச் சீக்கிரம் படியும், பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடுவதற்குத் தாமதமாக. வால்வே பழுதென்றால் மாற்றிவிடுங்கள்.