பிக்கப்பில் பிக்கப் இல்லை: ஸ்க்ரூவா, எஞ்சின் மாற்றமா, பம்ப் ரூமா?

கொல்லிமலைக்கு காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். என்னிடம் இருப்பது 2006 மாடல் மகிந்திரா பிக்கப். 2523 சிசி டிஐ டர்போ டீசல் எஞ்சின் (டீசல் நேரே சிலிண்டருக்குள் போகும், டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்), புதிதில் 63 குதிரைத்திறன். ஈசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. டீசல் பம்ப், ஸ்ப்ரிங், ஸ்க்ரூ, அவ்வளவுதான். ஏறும்போது சிமெண்ட் 25 மூட்டை, இறங்கும்போது வாழைத்தார். ஒரு காலத்தில் இரண்டாம் கியரில் சுற்றிய வளைவுகளில் எல்லாம் போன வருஷம் முதல் கியர் கேட்க ஆரம்பித்தது.

ஸ்டாண்டில் கேட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். டீசல் ஸ்க்ரூவைக் கூட்டு என்றார் ஒருவர். கம்ப்யூட்டர் வைத்து டீசல் விடுகிற காமன் ரெயில் எஞ்சினை இறக்கு என்றார் இன்னொருவர். பம்ப், டீசலைத் தூவுகிற நாசில் எல்லாம் கழற்றி முறையாகச் செய் என்றவர் ஒரே ஒருவர்தான். அவர் சொன்னதைக் கடைசியில் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காமன் ரெயில் எஞ்சின் என்றால் எஞ்சின் மட்டும் வராது. ஈசிஎம், வயரிங், சென்சார், ஆக்சிலேட்டர் பெடல் வரை கூட வர வேண்டும். நடுமலையில் நின்றால் ஸ்பானரோடு வருகிற மெக்கானிக் போதாது, ஸ்கேனரோடு வர வேண்டும். ஆர்டிஓ பக்கம் இன்னும் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிச் சொல்லிவிட்டது. அதே ரக எஞ்சினை அனுமதி வாங்கி மாற்றி ஆர்சியில் ஏற்றுவது வேறு விஷயம். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாத வண்டியை நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவன் பாதி விலைதான் சொல்வான்.

அப்புறம் ஸ்க்ரூ. இதில் நான் சூடு பட்டவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பம்பில் உள்ள ஃபுல் லோட் ஸ்க்ரூவைத் திருப்பினால் ஒவ்வொரு தடவையும் போகிற டீசலின் அளவு கூடும். ஒரு மெக்கானிக் ஈய சீலை வெட்டி அரைச் சுற்று திருப்பினார். பத்து நிமிஷ வேலை, 300 ரூபாய். சேந்தமங்கலம் ரோட்டில் வண்டி பறந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் முந்திப் போகும்போது என்னை முறைத்தார். கண்ணாடியில் பார்த்தால் கரும்புகை.

ஒரு கிலோ டீசல் முழுசாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். டீசல் எஞ்சினில் கலவை ஒரே சீராக இருக்காது என்பதால், புகை இல்லாமல் ஓட அதற்கும் மேலேயே காற்று தேவை. ஸ்க்ரூ டீசலைத்தான் கூட்டுகிறது, காற்றைக் கூட்டுவதில்லை. எரியாத மிச்சம் புகையாகப் போகிறது, எரிந்தது சூடாகிறது. சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. ஒரு பஸ்ஸை முந்த பத்து விநாடி அழுத்துவோம், காலை எடுப்போம், எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றிவிடும். மலையில் அந்தக் கதையே வேறு. ஏறி முடிக்கும் வரை கால் பெடலிலேயே இருக்கும். வேகம் 15 கிலோமீட்டர். எதிர்க்காற்று என்று ஒன்றே கிடையாது, ஃபேன் மட்டும்தான் துணை. தரையில் ஆறிவிடுகிற சூடு, மலையில் வளைவுக்கு வளைவு சேர்ந்துகொண்டே போகும். பிஸ்டன், வால்வு, டர்போ, ஹெட் எல்லாம் அதில்தான் வேகின்றன.

எனக்கு 41-வது வளைவில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடு) போனது. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதும் நிறுத்தினேன். ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் கொதித்து வழிந்தது, சைலன்சரில் வெள்ளைப் புகை. மூடியைத் திறக்கக் கூடாது என்ற அறிவாவது இருந்தது. சிமெண்டை வேறு வண்டிக்கு மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்து (சமமாகச் சீவி), புது கேஸ்கெட் போட்டு, கூலியும் சேர்த்தால் 14,000. ஓடாத நாட்களின் வாடகை தனி.

அதற்குப் பிறகுதான் நாமக்கல்லில் ஒரு பம்ப் ரூமுக்கு, அதாவது டீசல் பம்ப், நாசில் பழுது பார்க்கிற பட்டறைக்குப் போனேன். வயசான அண்ணன் ஒருவர். பம்பை பெஞ்சில் மாட்டி ஓட்டினார், நான்கு கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் ஏறியது. அதிக ஆர்பிஎம்மில் (சுற்று வேகத்தில்) அட்டவணை அளவைத் தாண்டிப் போனது. ஆர்பிஎம்மைக் குறைத்ததும் அளவுக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

“பாருங்க தம்பி, டீசலைத் தள்ளற பிளஞ்சர் தேஞ்சு போச்சு. மெதுவாச் சுத்தறப்பதான் கசிவு ஜாஸ்தி. நீங்க வளைவுல கேக்கறது இந்த இடத்துலதானுங்க, ஸ்க்ரூவைக் கூட்டி என்ன பண்ணறது?”

தேவைப்பட்ட இடத்தில் டீசல் பற்றாக்குறை, தேவைப்படாத இடத்தில் கரும்புகை. நாசிலையும் டெஸ்டரில் வைத்து லீவரை அழுத்திக் காட்டினார். இரண்டு நாசில் பனி மாதிரி தூவின. மற்ற இரண்டும் ஒழுகும் குழாய் மாதிரி நுனியில் சொட்டு விட்டன. சொட்டாக விழுகிற டீசல் சரியாக எரியாது. அதற்கும் காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பம்ப் சர்வீஸ், நான்கு நாசில், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் 16,000. கூடவே டைமிங் பார்த்தோம், டேப்பட் அட்ஜஸ்ட் செய்தோம், ஏர் ஃபில்டர் மாற்றினோம். டர்போவில் இருந்து மேனிஃபோல்டுக்குப் போகிற ஹோஸில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால், கிளிப்புக்குக் கீழே முட்டை முட்டையாய் நுரை. டர்போ தள்ளிய காற்றில் ஒரு பங்கு வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹோஸ் விலை 450 ரூபாய்.

63 குதிரைக்கு மேல் ஒரு குதிரைகூட இதில் கூடவில்லை. காணாமல் போனவைதான் திரும்பின. ஆனால் அதே 25 மூட்டையோடு ஏறும்போது இப்போது நாலைந்து வளைவுகளில்தான் முதல் கியர். முள் பாதியைத் தாண்டுவதில்லை. வருஷா வருஷம் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகிற வண்டிக்கு இன்னொரு லாபமும் உண்டு. என் வண்டி மாதிரி பிஎஸ் 4 மாசு விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை வரம்பு 65 ஹெச்எஸ்யூ (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). ஸ்க்ரூ கூட்டியிருந்த காலத்தில் அதில் தேறியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

உண்மையிலேயே கூடுதல் இழுவை வேண்டும் என்பவர்கள், டர்போ காற்றை ஆற்றுகிற இன்டர்கூலர் பக்கம் போகிறார்கள். கணக்கு சரிதான்: டர்போவில் இருந்து 110 டிகிரியில் வரும் காற்றை 60-க்கு ஆற்றினால் அடர்த்தி சுமார் 15 சதவீதம் கூடும், சூடும் குறையும். கூட ஓட்டுகிற மாப்பிள்ளை ஒருவர் மாட்டியிருக்கிறார். பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன், இழுவை நன்றாகத் தெரிகிறது. ஆனால் பாரத்தோடு மலையேற்றிப் பார்த்ததில்லை. எதிர்க்காற்றே இல்லாத 15 கிலோமீட்டர் வேகத்தில் அது எவ்வளவு ஆற்றும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. வெளியே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் என்பதால், மாட்டும் முன் ஆர்டிஓவில் கேட்டுவிடுவது நல்லது.

ஒன்று விட்டுப்போச்சு. இரண்டு வருஷம் முன்னால் அழகுக்காகப் பின்னால் ஒரு சைஸ் பெரிய டயர் போட்டிருந்தேன். டயர் பெரிதானால் எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிடும், மலையில் அந்தக் கொஞ்சமே பெரிசு. பழைய சைஸுக்கு மாறியபோது சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தோம். இடது பின் சக்கரம் அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் ஷூ பிடித்தபடியே எத்தனை மாதம் ஏறினேனோ.

பம்ப் ரூம் அண்ணன் ஸ்க்ரூவுக்குப் புது ஈய சீல் போட்டு, கம்பியை முறுக்கி விட்டிருக்கிறார். ஸ்டாண்டில் அதைக் காட்டச் சொல்லி ரெண்டு பேர் பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து காட்டினேன், ஸ்பானரை மட்டும் கொடுக்கவில்லை.